சத்தத்தை எடுத்துவிட்ட சம்பந்தி

சம்பந்தி,

இன்று காலை கடை திறந்ததும் உங்கள் ஹோம் தியேட்டர் ரிசீவரை மேசையில் தூக்கி வைத்து மூடியைக் கழற்றினேன். தகட்டைத் தூக்கியதுதான் தாமதம், தேயிலைத் தூள் வாசம் குப்பென்று அடித்தது. பேக்டரியில் தூள் சலிக்கும்போது பறக்கிற தூசி மேலே இருக்கிற உங்கள் லயத்து வீடு வரைக்கும் வரும் என்பது எனக்குத் தெரியும். அது மெஷினுக்குள்ளும் போய், சூடேறிச் சூடேறி, இப்படி பிளேன்டீ போட்ட மாதிரி மணத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கவில்லை. பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன். துடைக்க மனம் வரவில்லை. அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சம்பந்தியம்மாதான் அனுப்பியிருக்கிறார். பிள்ளைகள் கட்டாரிலிருந்து லீவுக்கு வருகிறார்கள், பேத்தி மித்ராவுக்கு டீவி பார்க்க வேண்டும், "ஒருக்கா தொறந்து பாத்துக் குடுங்கண்ணே" என்று போனில் சொன்னார். பெரிய வேலை ஒன்றும் இல்லை. தூசியை எடுத்து, வயர்களைத் துடைத்து, மூடியைப் பூட்டினால் முடிந்தது. ஆனால் காலையிலிருந்து மெஷின் திறந்தபடி கிடக்கிறது. நான் உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்குக் காது கேட்காது என்பது, நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். சம்பந்தி, இது என்ன நியாயம்? ஹட்டன் டவுனில் இத்தனை வருசமாக நான் விற்பது சத்தம். எந்த ஸ்பீக்கர் எந்த மூலையில் நின்றால் எப்படிக் கேட்கும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறவன். அப்படிப்பட்டவன் முன்னால் வாரத்துக்கு ஒரு நாள் வந்து உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, தலையை ஆட்டி, ஒரு சந்தேகம்கூட வராமல் எழுந்து போயிருக்கிறீர்கள். உங்களை மாதிரி அழுத்தக்காரரை நான் பார்த்ததே இல்லை.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டீர்கள். உங்கள் மகன் ரவிக்கு என் மகள் கலாவைப் பெண் பார்க்க வந்த அன்று, முன் அறையில் நீங்கள் நடுவில், சம்பந்தியம்மா பக்கத்தில். கல்யாணத்தை ஆவணியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ரொம்ப நல்லதுங்க" என்றீர்கள். கோயிலிலேயே சுருக்கமாக முடித்துவிடலாமா என்றேன். அதற்கும் "ரொம்ப நல்லதுங்க". பெண் வேலையை விடமாட்டேன் என்கிறாள் என்று கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ரொம்ப ரொம்ப நல்லதுங்க" என்றீர்கள். நீங்கள் போன பிறகு என் மனைவியிடம் நான் சொன்னேன்: "மாப்பிள எப்படியோ தெரியாது, இந்த மாதிரி தங்கமான சம்பந்திக்காகவே பொண்ணக் குடுக்கலாம்." சம்பந்தியம்மா அன்று உங்கள் முழங்கையை அடிக்கடி இடித்ததை நாங்கள் கவனிக்காமல் இல்லை. கணவனை அடக்கி வைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டோம்.

பிறகு பிள்ளைகள் கட்டாருக்குப் போனார்கள். மித்ரா அங்கேயே பிறந்தாள். அங்கே வெள்ளிக்கிழமை லீவு என்பதால் வெள்ளிக்கிழமைதான் நமக்கெல்லாம் வீடியோ கோல். அவள் பேசப் பழகிய காலத்தில்தான் நீங்கள் ஒரு நாள் தோட்டத்து பஸ்ஸில் இறங்கி, குடையை வாசலில் உதறி வைத்துவிட்டு, கடைக்குள் வந்தீர்கள். ரவி அப்பாவுக்கு ஒரு ஹோம் தியேட்டர் வாங்கிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் முன்பே பேசியிருந்தான். நீங்கள் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"சம்பந்தி, போன்ல புள்ள பேசுறது இந்த மெஷின்ல வருமா?"

"வராம என்னங்க? டீவில புள்ளயப் பாக்கலாம், ஸ்பீக்கர்ல பேசுறதக் கேக்கலாம். அதெல்லாம் சின்ன விசயம். மொதல்ல நீங்க வோட்ஸ் கணக்க வெளங்கிக்கிறணும்."

அந்தச் சின்ன விஷயத்துக்காகத்தான் வந்திருந்தீர்கள். நான் உடனே வோட்ஸுக்குத் தாவிவிட்டேன்.

கடையில் அப்போது மூன்று ரிசீவர்கள் இருந்தன. முதலாவது, பெட்டி முழுக்க வோட்ஸ் கணக்கைப் பெரிய எழுத்தில் அடித்திருந்த ஒரு மொத்தையான சாமான். இரண்டாவது நடுத்தரம், நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. மூன்றாவது எனக்குப் பிடித்தது. வோட்ஸ் குறைவுதான், ஆனால் சத்தம் கிழியாது, கூடவே ஒரு சின்ன மைக் வரும். அதை ஆள் உட்காருகிற இடத்தில் வைத்தால், அந்த அறை சத்தத்தை எப்படிக் கெடுக்கிறது என்று மெஷினே கேட்டு, தானே திருத்திக்கொள்ளும்.

எத்தனை கிழமை அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு உங்களுக்குப் பாடம் நடத்தினேன்! பெட்டியில் எழுதியிருக்கிற வோட்ஸை நம்பாதீர்கள், ஒரே ஒரு ஸ்பீக்கரை ஓட விட்டு, கிழிகிற வரைக்கும் திருகி, அந்த நிமிசத்தில் அளந்த கணக்கு அது என்றேன். வோட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது, காதுக்குக் கொஞ்சம் கூடினது போலத் தெரியும், அவ்வளவுதான் என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். நீங்கள் பேக்டரி ஆள் என்பதால், சத்தம் கிழிகிற அந்த டிஸ்டோஷனைத் தேத்தண்ணியில் வைத்து விளக்கினேன்: "சாயம் வேணும்னு தூளப் போட்டுக் காய்ச்சிக்கிட்டே இருந்தா என்னாகும்? கசக்கும்ல? அதாங்க டிஸ்டோஷன். சத்தம் கூடும், ஆனா கசந்து போயிரும்." அதற்கு நீங்கள் "ரொம்ப நல்லதுங்க" என்றபோது, கசப்பது எப்படி ஐயா ரொம்ப நல்லதாகும் என்று ஒரு நொடியாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. சம்பந்தியிடம் திருப்பிக் கேட்பது முறையில்லை. நம் பக்கத்தில் சம்பந்தி சொன்னது விளங்காவிட்டால் விளங்கின மாதிரி இருப்போம், கறியில் உப்பில்லாவிட்டால் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவோம். அவர் எடுத்துக் கொடுத்த சட்டை இறுக்கமாக இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் போட்டுத்தான் சபைக்குப் போவோம்.

மூன்றையும் போட்டுக் காட்டினேன். அந்த மொத்தைச் சாமானைப் போட்டபோது நீங்கள் எழுந்து போய், கீழே இருந்த பேஸ் ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள். முகமே மாறிவிட்டது.

"இதுதாங்க சம்பந்தி. இது ஒடம்புல படுது."

"ஒடம்புல படுறதுக்கு இது என்ன குளிர்காத்தா? சத்தம் காதுல படணுங்க."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தால் நீங்களும் சிரிப்பீர்கள். இன்னொரு நாள், வோட்ஸ் வோட்ஸ் என்று அடம்பிடித்துப் போன ஒரு வாடிக்கையாளரைப் பற்றி, "இவங்களுக்குச் சொல்றதும் செவிடன் காதுல சங்கு ஊதுறதும் ஒண்ணுதான்" என்று உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன். என் குரல் பெரிய குரல், டவுன் முழுக்கத் தெரியும். அந்த ஒன்றாவது உங்களுக்கு விளங்காமல் போயிருக்கட்டும் என்று இப்போது வேண்டிக்கொள்கிறேன். விளங்கியிருந்தால், அதற்குப் பிறகு எந்த மனுசன் என்னிடம் வந்து வாயைத் திறந்திருப்பான்?

கடைசியில் மூன்றாவதைத்தான் எடுத்தோம். எடுத்தோம் என்ன, நான் எடுத்தேன். "நீங்க சொன்னா அதுல வேற பேச்சு இல்லீங்க" என்றீர்கள். உங்கள் வீட்டில் கொண்டுவந்து பூட்டின அன்று அவசரத்தில் மைக்கைக் கடையிலேயே மறந்துவிட்டேன். அடுத்த சில வெள்ளிக்கிழமைகள் திருத்தம் இல்லாமலே ஓடின. அது எவ்வளவு பெரிய புண்ணியம் என்று அப்போது யாருக்குத் தெரியும்!

மைக்கோடு நான் நல்லதண்ணி ரோட்டில் இருக்கிற உங்கள் தோட்டத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது. உங்கள் காம்பரா சின்னது. சிமெந்துத் தரை, தகரக் கூரை, ஒரு சுவர் பக்கத்து வீட்டுக்கும் சொந்தம். ஒரு தவில் கச்சேரியைப் போட்டேன். அடிக்கு அடி அறை முழுக்கக் கும் கும் என்றது, ஷோகேஸில் கோப்பைகள் கிடுகிடுத்தன. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கேலி பண்ணுவோம், ஸ்பீக்கர் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல்தான் சம்பந்தி, பாருங்கள் இப்போது நிமிர்த்திக் காட்டுகிறேன் என்று பெரிதாகச் சொன்னேன்.

மைக் வைத்தால் சுற்றிலும் சத்தமே இருக்கக்கூடாது. லயத்தில் அது நடக்கிற காரியமா? சம்பந்தியம்மா வாசல் வாசலாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ரேடியோக்கள் நின்றன, அம்மி நின்றது. என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவர்கள் துக்க வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி வாயை மூடிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எல்லாம் அடங்கி நான் பொத்தானை அமத்துகிற நேரம் பார்த்து மழை பிடித்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் மெஷின், இரைச்சல் கூட என்று சொல்லி நின்றுவிட்டது. மழை விடும் வரைக்கும் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம்.

மழை விட்டதும் மறுபடி ஆரம்பித்தேன். அந்தச் சோதனைச் சத்தம் அடித்தொண்டையில் ஆரம்பித்து மேலே மேலே ஏறி, கடைசியில் ஊசி மாதிரி கீச்சென்று போகும். அது உச்சிக்கு ஏறினபோது வாசலில் நின்ற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்துக் காம்பரா நாய் ஊளையிட்டது. சம்பந்தியம்மா முகத்தைச் சுளித்தார். நீங்கள் மட்டும் கையில் கோப்பையோடு, கோயிலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். அந்தக் கீச்சு உச்சத்தில் இருக்கும்போதே என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டீர்கள்:

"தொடங்கியாச்சுங்களா சம்பந்தி?"

வாசலில் நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். நான் அவர்களை விடச் சத்தமாகச் சிரித்தேன். சம்பந்தி கேலி பண்ணுகிறார், இத்தனை நாளில் இப்போதுதான் நம்மோடு கேலி பேசுகிற அளவுக்கு நெருங்கி வந்திருக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். சிரிக்காதவர் சம்பந்தியம்மா ஒருவர்தான். அவர் அடுப்படிக்குள் போய்விட்டார். நான் மைக்கை நேராக்கி முதலிலிருந்து ஓட விட்டேன்.

திருத்தம் முடிந்து அதே தவிலைப் போட்டேன். ஷோகேஸ் வாய் திறக்கவில்லை. அறையில் இருந்த கும் எல்லாம் போய், ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, கழுவித் துடைத்த மாதிரி வந்தது. என் வேலையில் நானே மயங்கிப்போனேன். உங்களைப் பார்த்தேன். வழக்கம்போல் தலையாட்டினீர்கள். "ரொம்ப நல்லதுங்க." அப்போது உங்கள் உள்ளங்கால் இரண்டும் தரையை இலேசாகத் தடவிக்கொண்டிருந்தன. எதையோ தேடுகிற மாதிரி. செருப்பைத் தேடுகிறீர்கள் என்று நினைத்து நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுப் பக்கம் வந்திருந்தேன். டீவி முழுக்க மித்ராவின் முகம். நீங்கள் முழங்கால் டீவி மேசையில் இடிக்கிற அளவுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தீர்கள். அவள் மூச்சு விடாமல் என்னென்னவோ கேட்கிறாள். நீங்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு, "ஆமா, ஆமா" என்கிறீர்கள். அவள் சிரித்தால் நீங்களும் சிரிக்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் என்றால் அவள் கேட்கிற ஒவ்வொன்றுக்கும் ஏன், எதற்கு, அதெல்லாம் கூடாது என்று ஆயிரம் சட்டம் பேசுவேன். அதனால்தான் அவளுக்கு என்னை விட உங்கள் மேல் ஒரு பிடி கூட. தோட்டத்துத் தாத்தா நல்லவர், ஹட்டன் தாத்தா சண்டைக்காரர். அவள் வைத்த கணக்கு அது.

போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்றீர்களாம். வண்டி பிடித்து டவுனுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளைகளால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. கருமாதிக்கு ரவி மட்டும் வந்து, காரியம் முடிந்த கையோடு திரும்பிப் போனான். அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்து, ஆட்களெல்லாம் போன பிறகு நான் உங்கள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்க முடியாமல், "சம்பந்தி அந்த மெஷின நல்லா அனுபவிச்சாருல்ல தங்கச்சி, அந்த ஒரு நிம்மதி எனக்கு" என்று சொன்னேன். சம்பந்தியம்மா அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார்.

"அவருக்குக் காது கேக்காதுண்ணே."

எனக்கு விளங்கவில்லை.

"எத்தன வருசம் பேக்டரியில அந்தக் கொழுந்து அரைக்கிற ரோலருக கிட்டயே நின்ன காது. ரவி சின்னப் புள்ளயா இருக்கையிலேயே மந்தமாயிருச்சு. பொண்ணு பாக்க வர்றப்ப பாதி போயிருச்சு. அவன் வெளிநாடு போன பெறகு முழுசாவே போயிருச்சுண்ணே. வாயப் பாத்துத்தான் பேசுவாரு. லயத்துல எல்லாரும் கத்திப் பேசுறவங்கதான, வெளிய தெரியல."

"ஏன் தங்கச்சி எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னுட்டாரு. ரத்தத்துல வர்ற கோளாறுன்னு நெனச்சுட்டா பொண்ணு குடுக்க யோசிப்பாங்கன்னு பயம். பேத்தி பொறந்து, அதுக்கு நல்லாக் கேக்குதுன்னு தெரிஞ்ச பெறகு, இப்பவாவது சொல்லிருங்கன்னு நான் எவ்வளவோ சொன்னேன். இத்தன நாளு மறைச்சுட்டு இப்ப சொன்னா ஏமாத்துன மாதிரி ஆயிரும்னாரு. சம்பந்தி மொகத்துல எப்படி முழிப்பேன்னாரு."

கல்யாணப் பேச்சு அன்று நீங்கள் சொன்ன அத்தனை "ரொம்ப நல்லது"ம் என் முன்னால் வந்து நின்றன. அதைக் கேட்டே விட்டேன். சம்பந்தியம்மா அந்தத் துக்கத்திலும் இலேசாகச் சிரித்தார். "கேட்டிருந்தாலும் அதையேதாண்ணே சொல்லியிருப்பாரு" என்றார். அதை நான் நம்புகிறேன். ஆனால் அதற்கடுத்து அவர் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க மைக் வச்சு செஞ்சு குடுக்குறதுக்கு முந்தி, அந்த மெஷின்ல தரையெல்லாம் அதிரும்ல, அது அவருக்குப் புடிக்கும். வெறுங்காலோட ஒக்காருவாரு. மித்ரா அங்க குதிக்கிறது, மேசையில தட்டுறது எல்லாம் இங்க வருமாம். புள்ள குதிக்கிறது கால்ல வந்து படுதுடின்னு சொல்லிச் சிரிப்பாரு. நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கு ராத்திரி சோறு போடுறப்ப சொன்னாரு, சம்பந்தி சத்தத்தையெல்லாம் எடுத்துட்டாருடின்னு."

நான் எடுத்தது அறையின் கோணலை. நீங்கள் பேத்தியை வைத்திருந்தது அந்தக் கோணலில்.

திருத்தத்தை எடுத்துவிட ரிமோட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது, ரவி போனில் சம்பந்தியம்மாவுக்கு அதைச் சொல்லியும் கொடுத்திருக்கிறான். நீங்கள்தான் வேண்டாம் என்றுவிட்டீர்களாம். "சம்பந்தி ஒரு நா முழுக்கக் குந்தியிருந்து செஞ்சு குடுத்தத மாத்துனா அது மரியாத இல்ல" என்றீர்களாம். அடப் பாவி மனுசா! இந்த ஒரு இடத்தில் மரியாதை விட்டுப் பேச என்னை மன்னித்துவிடுங்கள். இறுக்கமான சட்டையைப் போட்டுக்கொண்டு சபையில் இருப்பது ஒரு நாள் கூத்து. நீங்கள் கடைசி வரைக்கும் அதைக் கழற்றாமல் இருந்திருக்கிறீர்கள். மரியாதையில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை, சம்பந்தி. அந்த மரியாதை நாசமாய்ப் போக.

தெரிந்திருந்தால் என்னென்ன செய்திருப்பேன்! பேச்சு வருகிற நடு ஸ்பீக்கரை மட்டும் உயர்த்தி உங்கள் முகத்துக்கு நேரே வைத்திருப்பேன். அந்த மொத்தைச் சாமானையே தூக்கி வந்து, பேஸ் ஸ்பீக்கரை உங்கள் கதிரைக்குக் கீழேயே தள்ளியிருப்பேன். கண்டிக்குக் கூட்டிப் போய்க் காதைக் காட்டி, ஒரு சின்ன மெஷின் வாங்கி மாட்டிவிட்டிருப்பேன். முதல் இரண்டு நாள் கேலியும் பண்ணியிருப்பேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் எனக்கே அலுத்துப் போயிருக்கும். உங்களுக்கு அந்த இரண்டு நாள் பெரிதாகத் தெரிந்துவிட்டது.

அன்று வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பும்போது சம்பந்தியம்மா ஒரு வார்த்தை கேட்டார். "புள்ளைகளுக்கு இவ்வளவு தூரம்னு தெரியாதுண்ணே. ரவிக்கு மந்தம்னு மட்டுந்தான் தெரியும். சொல்லிராதீங்க. அவரு ஆசப்பட்ட மாதிரியே இருந்துட்டுப் போகட்டும்." சரி என்றேன். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வாயை மூடி வைப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை அதை உடைத்துவிட்டேன், சம்பந்தி.

லீவுக்கு வருகிற குதூகலத்தில் மித்ரா எங்கள் வீட்டுக்கு வீடியோ கோல் எடுத்திருந்தாள். ரவியும் கலாவும் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் வந்ததும் நாய்க்குட்டி எங்கே என்றாள். எந்த நாய்க்குட்டி என்றேன். "தோட்டத்துத் தாத்தா வாங்கித் தர்றேன்னாரு. நான் கேட்டேன், ஆமான்னாரு." பிறகு, யாத்திரை சீசனுக்கு மலை ஏறலாமா என்று கேட்டாளாம், தோளில் தூக்கிக்கொண்டு போவீர்களா என்றாளாம், அதற்கும் ஆமா. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பேசுகிற வேகத்துக்கு, வாயைப் பார்த்தும் உங்களுக்கு ஒரு சொல்லும் விழவில்லை. அவள் ஒன்றைக்கூட மறக்கவில்லை. நீங்கள் அள்ளிக் கொடுத்த அத்தனை ஆமாவையும் பத்திரமாக வைத்துக்கொண்டு வருகிறாள். சரி, நாய்க்குட்டிக்கு நான் பொறுப்பு, மலைக்கும் நானே தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். என் முழங்காலுக்குத் தெரிந்தால் சிரிக்கும்.

அவள் அதோடு விடவில்லை. முகம் கொஞ்சம் சுருங்கியது.

"ஹட்டன் தாத்தா, நான் வர்ற வரைக்கும் எங்கயும் போயிறாம இருப்பீங்களான்னு தோட்டத்துத் தாத்தாகிட்ட கேட்டேன். அதுக்கும் ஆமா ஆமான்னாரு. அப்புறம் ஏன் போனாரு? பொய் சொன்னாரா?"

ரவி குனிந்துகொண்டான். சாமி கூப்பிட்டுக்கிட்டாரு என்று கலா என்னவோ தொடங்கினாள். பிள்ளை அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் ரகசியத்தைக் காப்பாற்றினால் நீங்கள் பொய்யர். இரண்டில் எதை விடுவது, சொல்லுங்கள்.

"இல்லம்மா," என்றேன். "அவரு பொய் சொல்ற ஆளே இல்ல. தோட்டத்துத் தாத்தாவுக்குக் காது கேக்காது. நீ கேட்டது ஒண்ணும் அவருக்கு விழல. ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தாப் போதும்னு, நீ எது சொன்னாலும் ஆமான்னு சொல்லிட்டாரு."

ரவி நிமிர்ந்து பார்த்தான். கலா வாயில் கையை வைத்துக்கொண்டாள். என் மனைவி என் பக்கம் திரும்பியது தெரிந்தது. மித்ரா கொஞ்ச நேரம் யோசித்தாள். எனக்கு மன்னிப்புக் கொடுக்கிறாளா, உங்களுக்குக் கொடுக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, இதைப் போய்ப் பெரிய விசயமாக்கி வைத்திருக்கிறீர்களே என்கிற மாதிரி எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்:

"சொல்லியிருக்கலாம்ல? நான் சத்தமாப் பேசியிருப்பேனே."